சத்தான சோறு இருந்தால் போதாதா? தனியாகச் சாப்பிடுவது பற்றி ஒரு விவாத இழை

13 ஜூலை 2025, காலை. சிங்கப்பூர் செங்காங் வாசகர் ஒருவரின் கேள்வி:

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மனைவிக்கு ஷிப்ட் வேலை. மகனுக்குப் பள்ளி முடிந்ததும் துணைப்பாட வகுப்பு. மகள் தன் அறையிலேயே சாப்பிட்டுவிடுவாள். அப்பாவுக்கு வயது 74. ஆறரை மணிக்கு அவருடைய தட்டை மேசையில் மூடி வைத்துவிடுவோம், அவரே எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வார். காய், பருப்பு, மீன், அளவான சோறு, எல்லாம் டாக்டர் சொன்னபடிதான். ஆனாலும் என் அக்கா வரும்போதெல்லாம் “அப்பா தனியாச் சாப்பிடுறாரே” என்று வருத்தப்படுகிறார். உணவு சத்தாக இருந்தால் போதாதா? சேர்ந்து சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்பது பழைய காலத்தை நினைத்து ஏங்கிச் சொல்லும் பேச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் இருந்தால் சொல்லுங்கள்.

13 ஜூலை, இரவு. என் பதில் (இனி வருபவையும் நான் எழுதியவைதான்):

போதாது. உங்கள் அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது.

2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 308,849 பேர். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக்காலத்தின் முடிவில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம். புகைபிடிப்பதை விட்டால் கிடைக்கும் பலனுக்கு நிகரானது இது என்றும் எழுதினார்கள். போன மாதம் 30ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது. ஆண்டுக்கு 871,000க்கும் மேற்பட்ட மரணங்களை அது தனிமையோடு தொடர்புபடுத்துகிறது.

இவை சாப்பாட்டை அளந்த கணக்குகள் இல்லை, உறவை அளந்தவை. ஆனால் வேலை, பள்ளி, கைப்பேசி எல்லாம் போக, ஒரு வீட்டில் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு எந்த நேரம் மிச்சம் இருக்கிறது?

14 ஜூலை

நேற்று உங்கள் அப்பாவின் மூடிய தட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து என் மாமனார் நினைவாகவே இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அத்தை இறந்த பிறகு மாமா தோ பாயோ வீட்டை விட்டுவிட்டு ஈசூனுக்கு எங்களோடு வந்துவிட்டார். நானும் கணவரும் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிவிடும். மாமாவுக்கு ஏழு மணிக்கே சாப்பிட்டுப் பழக்கம். அதனால் காலையிலேயே சமைத்து வைத்துவிடுவேன். “சாப்பிட்டீங்களா மாமா?” என்று கேட்டால் “ஆச்சும்மா” என்பார். தட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும். பாதிச் சோறு குப்பைக்குழாயில் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

பலதுறை மருந்தகத்தில் எடை பார்த்தபோதுதான் அவர் மெலிந்துபோனது தெரிந்தது. சர்க்கரை, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. கடைசியில் ஓர் இளம் மலாய் மருத்துவர், மலாயிலேயே, யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. “சொராங் சாஜா” என்றார் மாமா. தனியாகத்தான் என்று. வெளியே வந்து என்னிடம், “தனியா உட்கார்ந்தா சோறு இறங்க மாட்டேங்குதும்மா” என்றார். அந்த ஒரு வரியை அவர் எங்களிடம் சொல்ல ஒரு மருத்துவர் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு செய்தது இரண்டே காரியம். மாலை ஐந்து மணிக்குச் சின்னதாக ஒரு பலகாரம், எட்டரைக்கு எங்களோடு சாப்பாடு. அப்புறம் காலை பத்து மணிக்குக் கீழே காப்பிக் கடை. அங்கே பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மலாய்க்காரர் ஒருவரும் நாலாம் மாடிச் சீனப் பெரியவர் ஒருவரும் தினமும் உட்காருவார்கள். மூன்று பேருக்கும் பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், போதுமானதாக இருந்தது. ஒரு கோப்பி ஓ, ஒரு ரொட்டி, ஒரு மணி நேரம்.

ஒருநாள் மாமா கீழே இறங்கவில்லை. அந்தச் சீனப் பெரியவர் மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். மாமா காய்ச்சலில் படுத்திருந்தார். எனக்கு அலுவலகத்துக்கு போன் வந்தது. சத்தான உணவு இதைச் செய்யாது. நாம் வராவிட்டால் “ஏன் வரவில்லை” என்று எழுந்து வரும் ஆள் வேண்டும்.

16 ஜூலை

எடை திரும்பியதா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பியது, மெதுவாக. ஆனால் அதே சமயத்தில் மாமாவுக்குப் பல் செட்டும் மாற்றினோம். பழையது ஈறில் உரசிக்கொண்டிருந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. உங்கள் அப்பாவுக்குப் பல் எப்படி இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. உறவு இருப்பதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருப்பவர்தான் நாலு பேரோடு பழக முடிகிறதா? இரண்டு திசையிலும் நடக்கிறது. முட்டி வலிக்கிறவர் வெளியே போவதைக் குறைப்பார், காது மந்தமானவர் மேசையில் பேசாமல் ஒதுங்குவார். அதனால்தான் சோதனை செய்து பார்த்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன்.

ஒன்று அமெரிக்காவில் ஷெல்டன் கோஹென் குழு 1997இல் வெளியிட்டது. 276 ஆரோக்கியமான தொண்டூழியர்களின் மூக்கில் சளிக்கிருமியைச் சொட்டுவிட்டு, தனித்தனியே வைத்துக் கவனித்தார்கள். குடும்பம், நண்பர், அண்டைவீட்டார், வேலையிடம், வழிபாட்டுக் கூட்டம் என்று பலவகைத் தொடர்பு உள்ளவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவாக இருந்தது. மூன்று வகைக்குள் நின்றவர்களுக்கு அதிகம். எல்லார் மூக்கிலும் விட்டது இரண்டு வகைச் சளிக்கிருமிகளில் ஒன்றைத்தான்.

இன்னொன்று 2006இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு. ஐந்து தாதிமை இல்லங்கள், 178 முதியவர்கள், ஆறு மாதம். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் தட்டில் போட்டே உணவு வந்தது. இன்னொரு பிரிவுக்கு மேசை விரிப்பு, நடுவில் பாத்திரங்கள், தானே எடுத்துப் போட்டுக்கொள்வது, ஊழியரும் கூட உட்காருவது. அந்த நேரத்தில் மருந்து கொடுக்க யாரும் வந்து நிற்கக் கூடாது. ஆறு மாத முடிவில் எடையிலும் உடல் இயக்கத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் இரண்டாம் பிரிவு நன்றாக இருந்தது. மாறியது உட்கார்ந்த விதமும் பரிமாறிய விதமும்.

20 ஜூலை

நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கூட்டத்தோடு சாப்பிட்டால் கூடுதலாகச் சாப்பிடுவோம். ஜான் டி காஸ்ட்ரோ 1980களின் இறுதியில் மக்களை உணவுக் குறிப்பேடு எழுத வைத்துப் பார்த்தார். மற்றவர்களோடு உண்ட வேளைகள் தனியாக உண்டவற்றைவிட 44 விழுக்காடு பெரியவை. வீட்டை விட்டு வெளியே போக முடியாத முதியவர்களிடம் 2005இல் செய்த ஒரு ஆய்விலும் பக்கத்தில் ஆள் இருந்த வேளையில் சராசரியாக 114 கலோரி கூடுதல். மெலிந்து போகும் முதியவருக்கு அந்த 114 வரப்பிரசாதம். எனக்கு அது ஆபத்து, எனக்கு சர்க்கரை இருக்கிறது. ஆகவே கூட உட்காருங்கள், தட்டை முதலிலேயே போட்டு முடித்துவிடுங்கள், பேச்சு மட்டும் நீளட்டும்.

27 ஜூலை

செங்காங் அன்பருக்கு ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு ஜப்பானில் வந்தது. முதியவர்களை “யாரோடு வாழ்கிறார்”, “யாரோடு சாப்பிடுகிறார்” என்று இரண்டு கேள்வியால் பிரித்து மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். ஆண்களில், குடும்பத்தோடு வாழ்ந்தும் தனியாகச் சாப்பிட்டவர்களிடம் மரண விகிதம் கூடியிருந்தது. குடும்பத்தோடு வாழ்ந்து சேர்ந்தே சாப்பிட்டவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தனியாக வாழ்ந்தாலும் யாரோடாவது சாப்பிட்டவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை.

இதைப் படித்ததிலிருந்து “அவர் எங்களோடுதானே இருக்கிறார்” என்ற சமாதானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நம் ஊர்க் கணக்கும் உண்டு. டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளி ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சிங்கப்பூர் முதியவர்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டது. 60 வயதில் தனிமையை உணர்பவர்களின் ஆயுட்காலம் அப்படி உணராதவர்களைவிடச் சராசரியாக மூன்றிலிருந்து ஐந்தாண்டு குறையும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தனியாக இருப்பதையா கேட்டார்கள் என்றால், இல்லை. தனிமையாக உணர்கிறீர்களா என்று கேட்டார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டிலும் அதற்கு ஆம் என்று பதில் வரலாம்.

10 ஆகஸ்ட்

நேற்று தேசிய தினத்துக்கு அண்ணன் வீட்டில் இருபது பேருக்கு மேல் சாப்பாடு. அங்கே கண்டதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆண்களும் பிள்ளைகளும் முதலில் உட்கார்ந்தார்கள். அண்ணியும் நானும் பரிமாறினோம். பிறகு அண்ணி மட்டும் அடுப்படியில் நின்றபடி மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் சிரிப்புச் சத்தம். அண்ணிக்கு 66 வயது, ரத்த அழுத்தம் இருக்கிறது.

“அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்” என்று இந்த இழையில் பலரும் எழுதிவிட்டார்கள். எல்லாரும் என்றால் யார்? என் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா, அண்ணன்கள், பிறகு நாங்கள், கடைசியில் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்துகொள்ளும் அம்மா. நாற்பது வருடம் அந்தப் பெண் கூட்டுக் குடும்பத்தில் தனியாகச் சாப்பிட்டார். எந்த ஆய்வாளராவது வந்திருந்தால், “குடும்பத்தோடு வாழ்கிறார்” என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஆகவே சேர்ந்து சாப்பிடுவோம் என்று சொல்லும்போது, சமைத்தவர் உட்கார்ந்துவிட்டாரா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மேசை நடுவில் வைத்துவிடுகிறோம். சூடு கொஞ்சம் ஆறும், அப்பளம் நமத்துப் போகும், பரவாயில்லை. யாரும் எழுந்து பரிமாறுவதில்லை.

11 ஆகஸ்ட்

வீட்டுப் பணிப்பெண்ணும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அவரும்தான். பகல் முழுவதும் முதியவருக்கு ஊட்டிவிடுபவர் அவர். ஊரில் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி போடுங்கள். அவருக்கு அது சங்கடமாக இருந்தால் வற்புறுத்தாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை தன் தோழிகளோடு சாப்பிடப் போகும் நேரத்தையாவது வெட்டாதீர்கள்.

24 ஆகஸ்ட்

வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. என் கணவர் கட்டுமானத் துறையில் இருந்தவர், அதனால் தங்குவிடுதித் தம்பிகள் பலரை எங்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகளை மூடியபோது புதுக்கோட்டைத் தம்பி ஒருவரோடு அடிக்கடி பேசுவோம். அதற்கு முன் அவர்கள் சிலர் சேர்ந்து முறைபோட்டுச் சமைப்பார்கள். ஒருவன் அரிசி, ஒருவன் காய் நறுக்க, ஒருவன் பாத்திரம். மூடிய பிறகு பொட்டலச் சாப்பாடு வந்தது. அறையில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் அவர் சொன்னது: “ஆளுக்கு ஒரு பொட்டலம், ஆளுக்கு ஒரு கட்டில்க்கா. யாரும் யாரையும் கூப்பிடுறதில்ல.”

கூட ஆள் இருப்பது வேறு, ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது வேறு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். முன்பின் தெரியாதவர்களை ஒரே கிண்ணத்திலிருந்து சாப்பிட வைத்துப் பிறகு பேரம் பேச விட்ட ஒரு 2019 அமெரிக்க ஆய்வு உண்டு. தனிக் கிண்ணத்தில் சாப்பிட்டவர்களைவிட அவர்கள் விரைவாக உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

நமக்கும் அந்தக் காலம் மறந்திருக்காது. சர்க்கிட் பிரேக்கர் என்ற 2020 ஊரடங்கில் கடையில் உட்காரவே முடியாது. ஜூன் 19க்குப் பிறகு ஐந்து பேர், அப்புறம் எட்டு, 2021 செப்டம்பரில் இரண்டு. காப்பிக் கடை நாற்காலிகளில் ஒட்டிய குறுக்குப் பட்டைகளைப் பார்த்துவிட்டு மாமா பேசாமல் வீட்டுக்குத் திரும்பியதை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது. மூன்று நண்பர்களில் யாரை விடுவது?

21 செப்டம்பர்

“சிங்கப்பூரில் உணவங்காடி நிலையம் இருக்கும்போது யார் தனியாகச் சாப்பிடுகிறார்?” என்று கேட்டவருக்கு. உணவங்காடிக் கலாசாரத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், சமூகத்தின் சாப்பாட்டு அறை என்ற பெருமையோடு. அது உண்மைதான். தேக்காவில் பகல் பன்னிரண்டு மணிக்கு முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே மேசையில் உட்காருவோம். ஆனால் நால்வரும் கைப்பேசியைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவோம்.

இருந்தாலும் முழுக்க விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தினமும் ஒரே கடைக்குப் போகும் பெரியவருக்குச் சீனி குறைத்துக் கலக்கித் தரும் கடைக்காரர் இருக்கிறார். ஒரு வாரம் வராவிட்டால் கேட்பார். அந்தப் பழக்கம் ஏற்பட ஒரே இடம், ஒரே நேரம் வேண்டும். அதனால் டா பாவ், அதாவது பொட்டலம், வாங்கிக்கொண்டு வந்து தொலைக்காட்சி முன் சாப்பிடும் தனியாள்களிடம் நான் கேட்பது, வாரத்தில் சில நாளாவது அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

5 அக்டோபர்

நேற்று புரட்டாசிச் சனி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் அன்னதான வரிசையில் என் முன்னால் நின்ற பாட்டி, ஒற்றையறை வீட்டில் தனியாக இருப்பவர். புளியோதரையைவிட வரிசையில் நின்று பேசுவதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. நோன்பு மாதத்தில் டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, சிலாட் சாலை சீக்கியர் குருத்துவாராவில் லங்கார் என்னும் பொதுச் சாப்பாடு. மூன்று இடத்திலும் “நீ யார்” என்று யாரும் கேட்பதில்லை.

அதுவே அதன் குறையோ என்று இன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யார் என்று கேட்காத இடத்தில், வராவிட்டாலும் கேட்க மாட்டார்கள். பாட்டியின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. வீடு நிறைய ஆட்கள், முறுக்கு, ஆட்டிறைச்சி, எல்லாருக்கும் நிறைவு. மறுநாள் பாட்டிக்கு போன் செய்தேன். முந்தின நாள் மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்ததாம், ஆள் யாரும் உட்காரவில்லையாம். உணவு கொடுத்தனுப்புவது பெரிய உதவி, குறை சொல்லவில்லை. கொண்டுபோகிறவர் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

2 நவம்பர்

செங்காங் அன்பர் அப்பாவை முதியவர்கள் கூடும் ‘துடிப்பாக மூப்படையும் நிலைய’த்துக்கு அழைத்துப்போனதையும், ஒரே நாளில் “எனக்கு அங்கே பேச ஆள் இல்லை” என்று அவர் திரும்பிவிட்டதையும் படித்தேன். இது நம் முதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது. மேசையில் மாண்டரினும் ஹொக்கியனும் ஓடும், சாப்பாட்டிலும் நமக்குப் பழகிய ருசி இருக்காது. மனம் ஒடிந்து அவரை மறுபடி மூடிய தட்டுக்கே விட்டுவிடாதீர்கள்.

அந்த நிலையங்கள் 60 வயதான எல்லாருக்கும் திறந்தவை, வருமானம் பார்ப்பதில்லை. உங்கள் பேட்டையில் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். தமிழ் பேசுபவர் எந்த நிலையத்துக்கு, எந்தக் கிழமை வருகிறார் என்று தொலைபேசியில் கேளுங்கள், அந்தக் கிழமை போங்கள். ஒரே ஒரு தமிழர் போதும். அப்பாவுக்கு மலாய் வருமானால் மலாய்க்காரர்கள் இருக்கும் மேசையைக் கேளுங்கள். சைவமா, மாட்டிறைச்சி தவிர்ப்பவரா, சர்க்கரை உண்டா என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பிடுவதைவிடச் சமைப்பது அவருக்கு இயல்பாக வரலாம். மரின் டெரஸில் மாண்ட்ஃபோர்ட் கேர் அமைப்பு 2016இல் திறந்த குட்லைஃப் மக்கான் சமையலறையில் தனியாக வாழும் முதியவர்களே சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். உங்கள் நிலையத்திலும் சமையல் நாள் உண்டா என்று விசாரியுங்கள். காய் நறுக்கும் வேலைக்கு மொழி அதிகம் தேவைப்படாது.

வீட்டில் உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது, தெரியும். மனைவியின் ஷிப்ட் அட்டவணையை எடுத்து, இந்த வாரம் எந்த வேளைக்கு யார் அப்பாவோடு என்று பெயர் எழுதுங்கள். மகளுக்கு ஞாயிறு காலை கொடுங்கள், அந்த வயதில் அவர்களுக்குக் காலைப் பலகாரம் எளிது. அப்பாவின் நேரத்தைத் தள்ளிப்போடுவதானால் மாத்திரை நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள். மாமாவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.